கணினியில் ஓடும் வீடியோ டிவிடி பிளேயரில் ஓடவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் முறை

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 'கணினி தெரிந்தவர்' என்ற பெயர் எனக்கு எப்படியோ ஒட்டிக்கொண்டுவிட்டது. மார்கழிக் கச்சேரி, பேத்தியின் அரங்கேற்றம், மாமாவின் அறுபதாம் கல்யாணம் என்று எந்தப் பதிவானாலும் இன்று பென் டிரைவில்தான் வந்து சேருகிறது. அதைப் பார்க்க ஆசைப்படும் பெரியவர்களுக்கோ தொலைக்காட்சிக்கு அடியில் பல ஆண்டுகளாக இருக்கும் டிவிடி பிளேயர்தான் கைக்குப் பழகியது. ஆகவே மாதம் இரண்டு பேராவது ஒரு வட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்று, "தம்பி, கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுதுப்பா, பிளேயர்ல போட்டா ஒண்ணுமே வரல. பிளேயர் போயிடுச்சான்னு பாரேன்" என்கிறார்கள். பெரும்பாலும் பிளேயர் போயிருப்பதில்லை. எழுதப்பட்ட வட்டுதான் டிவிடி பிளேயருக்கு உரிய வட்டாக இருப்பதில்லை. இதை உணராமல் புதுப் பிளேயர் வாங்கிவந்து, அதிலும் ஓடாமல் திகைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கீழே உள்ளவை நான் திரும்பத் திரும்பச் சரிசெய்த கோளாறுகள். உங்கள் வட்டுக்கு என்ன ஆகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே செல்லலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலிலும், பணம் கேட்கும் காரணம் கடைசியிலும் இருக்கின்றன. அந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

எந்தக் கோளாறாயினும் முதலில் செய்ய வேண்டிய இரண்டு சோதனைகள்

முதல் சோதனை பிளேயருக்கு. கடையில் வாங்கிய, முன்பு நன்றாக ஓடிய பழைய டிவிடி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அது ஓடினால் பிளேயர் மீதான சந்தேகத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

இரண்டாம் சோதனை வட்டுக்கு. அதைக் கணினியில் போட்டு, ஓட்டிப் பார்க்காமல், உள்ளே என்ன கோப்புகள் இருக்கின்றன என்று திறந்து பாருங்கள். விஎல்சி போன்ற மென்பொருள் எதைக் கொடுத்தாலும் ஓட்டிவிடும் என்பதால் 'கணினியில் ஓடுகிறது' என்பது எதற்கும் சான்றாகாது. பார்க்க வேண்டியது, வட்டைத் திறந்த உடனே, வேறு எந்தக் கோப்புறைக்குள்ளும் போகாமலேயே, 'வீடியோ_டிஎஸ்' என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் பெயரிட்ட கோப்புறை தெரிகிறதா என்பதைத்தான். அதற்குள் ஐஎஃப்ஓ, பியூபி, விஓபி என்று முடியும் பெயர்களில் கோப்புகள் இருக்கும். ஒவ்வொரு விஓபி கோப்பும் ஏறத்தாழ 1 ஜிபிக்கு மேல் போகாது; நீளமான படம் பல துண்டுகளாகப் பிரிந்திருப்பது இயல்பே. கூடவே 'ஆடியோ_டிஎஸ்' என்ற வெற்றுக் கோப்புறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம்.

அறிகுறி 1: கணினியில் ஓடுகிறது, பிளேயரில் 'நோ டிஸ்க்' அல்லது 'அன்னோன் டிஸ்க்' என்று வருகிறது

*1அ. வட்டைத் திறந்தால் எம்பி4, எம்கேவி போன்ற கோப்புதான் இருக்கிறது*

என்னிடம் வரும் வட்டுகளில் அதிகம் இந்த வகைதான். வீடியோ கோப்பை இழுத்து வட்டில் போட்டு எழுதினால் கிடைப்பது தரவு வட்டு. டிவிடி பிளேயர் எதிர்பார்ப்பது எம்பெக்-2 என்ற வீடியோ வகைக்கு மாற்றி, மேலே சொன்ன கோப்புறை அமைப்பில் அடுக்கிய வீடியோ வட்டு. விண்டோஸ் கேட்கும் கேள்வியிலேயே குழப்பம் தொடங்குகிறது. காலி வட்டைப் போட்டதும் அது 'யூஎஸ்பி டிரைவ் போலவா, சிடி அல்லது டிவிடி பிளேயருடனா' என்று பொருள்படக் கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தவர்கள் பிளேயருக்கு ஏற்ற வட்டு தயாராகிவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள். உண்மையில் இரண்டு தேர்வுகளுமே கோப்பை உள்ளபடியே நகலெடுக்கின்றன. எதுவும் எம்பெக்-2 ஆக மாறுவதில்லை. விண்டோஸ் விஸ்டாவிலும் 7இலும் சில பதிப்புகளுடன் 'விண்டோஸ் டிவிடி மேக்கர்' என்ற மென்பொருள் வந்தது. அது இந்த மாற்றத்தைச் செய்துதந்தது. விண்டோஸ் 8இலிருந்து அது இல்லை.

சரிசெய்ய, டிவிடி ஸ்டைலர் போன்ற இலவச மென்பொருளில் உங்கள் கோப்பைச் சேருங்கள். புதிய திட்டம் தொடங்கும்போது கேட்கப்படும் கேள்விகளுக்கு விடை இவை: வீடியோ முறை 'பேல்' (நம் நாட்டுக்கு உரியது, அளவு 720க்கு 576, நொடிக்கு 25 படங்கள்), ஒலி ஏசி-3, வட்டின் கொள்ளளவு 4.7 ஜிபி. பின்னர் நேரடியாக வட்டில் எழுதச் சொல்லாமல் ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது முழு வட்டின் அச்சாக, சேமிக்கச் சொல்லுங்கள். அந்த ஐஎஸ்ஓவை விஎல்சியில் திறந்து முகப்பு, படம், ஒலி மூன்றும் சரியாக இருப்பதைப் பார்த்த பிறகே வட்டில் எழுதினால், வீணாகும் வட்டுகளின் எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

இதில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பலர் முதலில் வேறொரு மென்பொருளில் எம்கேவியை எம்பி4 ஆக மாற்றி, அதைக் கொண்டுவந்து மறுபடி டிவிடிக்கு மாற்றுகிறார்கள். ஹேண்ட்பிரேக் நல்ல மென்பொருள்தான். ஆனால் அது தருவது எம்பி4, எம்கேவி, வெப்எம் ஆகியவை மட்டுமே, டிவிடி அன்று. ஒவ்வொரு மாற்றத்திலும் படம் சற்று மங்கும் என்பதால், கைக்கு வந்த மூலக் கோப்பிலிருந்து ஒரே தாவலில் டிவிடி அமைப்புக்குப் போவதுதான் முறை.

*1ஆ. வட்டில் ஒரே ஓர் ஐஎஸ்ஓ கோப்பு மட்டும் இருக்கிறது*

ஐஎஸ்ஓ என்பது முழு வட்டின் அச்சு. அதை ஒரு கோப்பாக நகலெடுக்கக் கூடாது, வட்டாக விரிக்க வேண்டும். விண்டோஸ் 7 முதல், ஐஎஸ்ஓ கோப்பின் மீது வலப்பொத்தானை அழுத்தினால் 'பர்ன் டிஸ்க் இமேஜ்' என்ற வரி இருக்கும். அதைப் பயன்படுத்துங்கள், அல்லது இமேஜ்பர்ன் மென்பொருளில் ஐஎஸ்ஓவை வட்டில் எழுதும் முதல் தேர்வை எடுங்கள்.

*1இ. வீடியோ_டிஎஸ் இருக்கிறது, ஆனால் 'கல்யாணம்' என்ற கோப்புறைக்கு உள்ளே இருக்கிறது*

பிளேயர் உள்ளே போய்த் தேடாது. மீண்டும் எழுதுங்கள், இமேஜ்பர்னில் கோப்புகளை வட்டில் எழுதும் பகுதியைத் திறந்து வீடியோ_டிஎஸ் கோப்புறையை மட்டும் சேர்த்தால் அது டிவிடி வீடியோ என்று கண்டுகொண்டு தேவையான அமைப்புகளைத் தானே கேட்டுச் சரிசெய்யும். வட்டுக்குப் பெயர் கேட்டால் ஆங்கிலப் பெரிய எழுத்துகள், எண்கள், அடிக்கோடு ஆகியவற்றை மட்டும் பயன்படுத்துங்கள். தமிழிலோ இடைவெளி விட்டோ பெயர் வைக்க ஆசை வந்தால் அதை உறையின் மீது எழுதிக்கொள்ளலாம்.

*1ஈ. உள்ளே எல்லாம் சரி. ஆனாலும் பிளேயர் ஏற்கவில்லை*

இங்கேதான் வரிசை முக்கியம்.

முதலில், வட்டு முடித்து மூடப்பட்டதா என்று பாருங்கள். பிறகு இன்னும் சேர்க்கலாம் என்று திறந்தே வைத்த வட்டைப் பல பிளேயர்கள் படிப்பதில்லை. இமேஜ்பர்னில் வட்டைப் போட்டால் வலப்பக்கத் தகவலில் அதன் நிலை 'கம்ப்ளீட்' என்று வர வேண்டும். 'இன்கம்ப்ளீட்' என்று வந்தால் அதன் கருவிகள் பட்டியலில் உள்ள மூடும் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள்; பல நேரங்களில் அந்த வட்டே பிழைத்துவிடும்.

அடுத்து, வட்டின் வகை. ஆர்டபிள்யூ என்று முடியும் மறுமுறை எழுதும் வட்டுகள் ஒளியைக் குறைவாகவே பிரதிபலிக்கும். பழைய பிளேயர்கள் அவற்றைக் கண்டுகொள்ளாமல் விடுவது உண்டு. டிவிடி பிளஸ் ஆர் வட்டு ஓடாவிட்டால் டிவிடி மைனஸ் ஆர் வாங்கிப் பாருங்கள். மைனஸ் வகை 1997லும் பிளஸ் வகை 2002லும் வந்தவை. அதனால் ஆரம்பகாலப் பிளேயர்களுக்கு மைனஸ்தான் நெருக்கமான உறவு. சென்னை ரிச்சி தெருவில் வாங்கும்போது ஐம்பது வட்டுள்ள கோபுரத்தை எடுத்துவிடாமல், முதலில் ஒவ்வொரு வகையிலும் இரண்டை உதிரியாகக் கேட்டு வாங்கிச் சோதித்துக்கொள்வது என் பழக்கம்.

மூன்றாவது, லென்ஸின் தூசி. நம் ஊரின் ஈரக்காற்றுக்கும் சமையலறை எண்ணெய்ப் புகைக்கும் லென்ஸில் படலம் படிவது சாதாரணம். சிறு தூரிகை வைத்த துப்புரவு வட்டை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். பிளேயரைத் திருகித் திறந்து பஞ்சால் துடைக்கும் வேலைக்குப் போக வேண்டாம். லென்ஸைத் தாங்கும் கம்பிகள் மிக மெல்லியவை.

கடைசியாக ஒரு நல்ல சோதனை. பாட்டு சிடி ஓடுகிறது, ஆனால் கடையில் வாங்கிய டிவிடிகூட ஓடவில்லை என்றால், டிவிடிக்கு உரிய லேசர் தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். சிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிரும் டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்புக் கதிரும் வேண்டும். ஒன்று போய் மற்றது மிஞ்சுவது நடக்கிற காரியம். இந்த நிலையில்தான் பழுது பார்ப்பவரிடம் போக வேண்டும். போகும்போது லென்ஸ் தொகுதி மாற்றும் கூலியை முன்கூட்டியே கேளுங்கள்; அது பிளேயர் விலையில் பாதியைத் தாண்டினால் பழுது பார்ப்பதில் பொருளில்லை.

அறிகுறி 2: எழுதிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்றுவிடுகிறது

செலவில்லாத காரணங்கள் மூன்று. மடிக்கணினி பத்து நிமிடத்தில் உறங்கிவிடும்படி அமைந்திருக்கலாம். எழுதும் நேரத்துக்கு அதை நிறுத்திவையுங்கள். 4 மடங்கு வேகத்தில் ஒரு முழு வட்டை எழுத ஏறத்தாழ 14 நிமிடமாவது ஆகும். வன்வட்டில் இடம் போதாமல் இருக்கலாம். மாற்றிய கோப்புகள் ஒருபுறமும் ஐஎஸ்ஓ மறுபுறமும் இருக்க வேண்டுமாதலால் 10 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். மூன்றாவது மின்சாரம். மேசைக் கணினியில் யூபிஎஸ் இல்லாமல் கோடைகாலப் பிற்பகலில் வட்டு எழுதுவது சூதாட்டம். மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் அந்த வட்டு குப்பைதான்.

வெளியிலிருந்து இணைக்கும் டிவிடி ரைட்டராக இருந்தால், அதற்கு யூஎஸ்பி வழியாகப் போதுமான மின்சாரம் போகிறதா என்று சந்தேகியுங்கள். யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியரும் 3.0 துளை 900 மில்லி ஆம்பியரும் தருவதாகத்தான் வரையறை. லேசர் முழு வலிமையோடு எரியத் தொடங்கும் கணத்தில் ரைட்டர் கிளிக் என்று ஒலித்துத் துண்டித்துக்கொண்டால் காரணம் இதுவே. ஹப் இருந்தால் அகற்றிவிட்டு நேரடியாகக் கணினியில், நீலநிறத் துளையில் (3.0) செருகுங்கள். இரட்டை முனை கொண்ட யூஎஸ்பி கம்பி இருந்தால் இரு முனைகளையும் இணையுங்கள்.

'பவர் கேலிபிரேஷன் எரர்' என்று வந்தால் பயப்பட வேண்டாம். எழுதத் தொடங்குமுன் ரைட்டர் தன் லேசர் வலிமையை வட்டின் உள்விளிம்பில் சோதித்துப் பார்க்கும்; அந்தச் சோதனை தோற்றுவிட்டது என்பதே இதன் பொருள். வட்டு மட்டமாக இருக்கலாம், அல்லது லேசர் களைத்திருக்கலாம். வேறு தயாரிப்பு வட்டு ஒன்றைப் போடுங்கள். இரண்டு வெவ்வேறு தயாரிப்புகளில் மூன்று வட்டுகள் அடுத்தடுத்துத் தோற்றால் ரைட்டர்தான் குற்றவாளி. அதைப் பழுது பார்க்க முடியாது, மாற்ற வேண்டியதுதான்.

வேகத்தைப் பற்றி ஒரு சொல். 'மெதுவாக எழுதினால்தான் நல்லது' என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 16 மடங்கு என்று அச்சிட்ட இன்றைய வட்டுகளை மிகக் குறைந்த வேகத்தில் எழுதினாலும் பிழை கூடலாம். நான் பெரும்பாலும் 8இலும், பழைய பிளேயருக்கு என்றால் 4இலும் எழுதுகிறேன். உச்ச வேகத்தை மட்டும் தொடுவதில்லை.

ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் நகலெடுக்கும்போது 'கோப்பு மிகப் பெரியது' என்று வந்தால் அது வட்டின் கோளாறே அன்று. ஃபேட்32 அமைப்பிலுள்ள பென் டிரைவ் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் அமைப்புக்கு மாற்றினால் தீரும். மாற்றும்போது உள்ளே இருப்பவை அழியும் என்பதை மறக்க வேண்டாம்.

அறிகுறி 3: நன்றாகத் தொடங்கி, பிற்பகுதியில் உறைந்தும் கட்டம் கட்டமாக உடைந்தும் போகிறது

முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை ஓட்டிப் பார்த்து, இரண்டு முறையும் அதே நிமிடத்தில் நிற்கிறதா, வெவ்வேறு இடங்களில் நிற்கிறதா என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

*3அ. வெவ்வேறு இடங்களில் நிற்கிறது*

பிளேயர் சூடேறுகிறது அல்லது லென்ஸில் தூசி. கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் இருந்தால் வெளியே எடுத்து வைத்து ஓட்டிப் பாருங்கள். வட்டைத் துடைப்பதானால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும், வட்டமாக அன்று.

*3ஆ. எப்போதும் அதே இடத்தில் நிற்கிறது*

வட்டின் விஓபி கோப்புகளைக் கணினியின் வன்வட்டுக்கு நகலெடுத்துப் பாருங்கள். நகலெடுக்கும்போதே பிழை வந்தால் எழுதியதில் கோளாறு. நகல் ஒழுங்காக முடிந்து, கணினியிலும் அதே இடத்தில் படம் உடைந்தால் மாற்றியதில் கோளாறு. மூலக் கோப்பைச் சோதியுங்கள். நகலும் சரி, கணினியிலும் சரி, பிளேயரில் மட்டும் திணறுகிறது என்றால் பிட் வீதம், அதாவது ஒரு நொடிப் படத்துக்குச் செலவாகும் தரவு, அதிகம். டிவிடி வீடியோவின் உச்ச வரம்பு நொடிக்கு 9.8 மெகாபிட் என்றாலும், வீட்டில் எழுதும் வட்டுக்கு 8ஐத் தாண்டாமல் வைப்பது நல்லது.

எழுதியதில் கோளாறு என்றால் கவனிக்க வேண்டியது விளிம்பு. டிவிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது; வெளி விளிம்பில்தான் வட்டின் தரக்குறைவும் நெளிவும் விரல்ரேகையும் முதலில் தெரியும். கோளாறு கடைசி இருபது நிமிடத்தில் வருவதன் இரகசியம் இதுவே. 4.7 ஜிபி என்று அச்சிட்ட வட்டைக் கணினி 4.37 ஜிபி என்றுதான் காட்டும். அதையும் முழுக்க நிரப்பாமல் 4.2 ஜிபிக்குள் முடித்துக்கொண்டால் விளிம்பு காலியாக இருக்கும், வம்பும் இருக்காது. வட்டின் மீது காகித ஒட்டிகளை ஒட்டுவதும் இதே கோளாறைத் தரும். சுழலும்போது சமநிலை குலைகிறது. மணமக்கள் படம் போட்ட ஒட்டியைக் கிழிக்கச் சொல்லி யாரிடமும் என்னால் சொல்ல முடிந்ததில்லை. புதிதாக ஒன்று எழுதி, உறையில் மட்டும் படம் ஒட்டித் தருகிறேன்.

*3இ. தொடக்கம் முதல் இறுதிவரை படம் கட்டம் கட்டமாக இருக்கிறது*

ஒரே வட்டில் அளவுக்கு மீறி நுழைத்திருக்கிறீர்கள். ஒரு மணி நேரப் பதிவுக்கு நொடிக்கு 8 மெகாபிட் தாராளமாகக் கொடுக்கலாம். இரண்டு மணி நேரம் என்றால் ஒலியையும் சேர்த்து 5 மெகாபிட் அளவுதான் கிடைக்கும், நன்றாகவே இருக்கும். மூன்று மணி நேரத்துக்கு மூன்றரைக்கும் கீழே இறங்கிவிடும். அரங்கேற்றம்போல் அசைவு மிகுந்த காட்சி அதில் தாங்காது. முகூர்த்தம் ஒன்று, வரவேற்பு ஒன்று என இரண்டு வட்டுகளாகப் பிரியுங்கள். 8.5 ஜிபி இரட்டை அடுக்கு வட்டும் உண்டு. ஆனால் பழைய பிளேயர்களில் அது அடுக்கு மாறும் இடத்தில் முரண்டு பிடிப்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

அறிகுறி 4: ஒலி இல்லை, அல்லது உதட்டசைவோடு ஒட்டவில்லை

ஒலியே இல்லை என்றால் மாற்றும் மென்பொருளில் ஒலி வகை டிடிஎஸ் ஆக இருக்கிறதா என்று பாருங்கள்; எல்லாப் பிளேயர்களும் அதை விரித்துத் தராது. ஏசி-3, 48 கிலோஹெர்ட்ஸ், இரண்டு தடம் என்று வைத்து மீண்டும் மாற்றினால் போதும். ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் கேட்டால், படமெடுத்தவர் மைக்கை இடத் தடத்தில் மட்டும் செருகியிருப்பார். மாற்றும்போது ஒற்றைத் தடமாக்கி இரு பக்கமும் பகிர்ந்துவிடலாம்.

நேரம் போகப்போக ஒலி விலகிக்கொண்டே போவது வேறு நோய். கைபேசிகள் நொடிக்கு எத்தனை படங்கள் என்பதை வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப மாற்றிக்கொண்டே பதிவு செய்கின்றன. டிவிடியோ நொடிக்கு 25 என்று கறாராக இருக்கிறது. மாற்றும் மென்பொருள் அந்த ஏற்ற இறக்கத்தைக் கவனிக்காமல் சராசரியாகக் கொண்டால், முதல் பாட்டில் கால் நொடி விலகுவது தில்லானாவுக்கு வரும்போது இரண்டு நொடியாகிவிடும். இங்கு மட்டும் நான் மேலே சொன்ன ஒரே தாவல் விதியை மீறுகிறேன்: ஹேண்ட்பிரேக்கில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, 25 என்று வைத்து, உயர்ந்த தரத்தில் ஒரு இடைக் கோப்பை உண்டாக்கிய பின் டிவிடிக்குக் கொண்டுபோகிறேன். வாட்ஸ்அப்பில் வந்த நகலைக் கொண்டு இதைச் செய்ய வேண்டாம். ஏற்கெனவே பிழிந்தெடுத்த சக்கை அது. எடுத்தவரிடமிருந்து மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே அளவு விலகல் என்றால் எளிது. ஒலியை அந்த அளவு முன்னோ பின்னோ தள்ளிவிட்டால் சரியாகிவிடும்.

அறிகுறி 5: படம் வருகிறது, ஆனால் பார்க்க முடியவில்லை

*5அ. எல்லோரும் ஒல்லியாகவோ குண்டாகவோ தெரிகிறார்கள்*

திட்டத்தில் 16:9 என்றும் 4:3 என்றும் மாற்றிக் கொடுத்துவிட்டீர்கள். மூலக் கோப்பு அகலமானது என்றால் 16:9. பிறகு பிளேயரின் அமைப்பிலும் தொலைக்காட்சி வகையைச் சரிபாருங்கள். செங்குத்தாக எடுத்த கைபேசிப் பதிவுக்கு இருபுறமும் கறுப்புப் பட்டை வரத்தான் செய்யும். இழுத்து நிரப்ப முயல வேண்டாம்.

*5ஆ. கறுப்பு வெள்ளையாகத் தெரிகிறது*

வட்டைக் குறை சொல்லுமுன் மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பியைப் பாருங்கள். புதிய தொலைக்காட்சிகள் பலவற்றில் பச்சைத் துளையே மஞ்சளுக்கும் பொது. கம்பி சரியாக இருந்தும் தொலைக்காட்சியில் 'காம்போனென்ட்' என்ற உள்ளீட்டைத் தேர்ந்தெடுத்தால் நிறம் போய்விடும். 'ஏவி' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் பிறகும் நிறமில்லை என்றால் வட்டு என்டிஎஸ்சி என்ற வேறு நாட்டு முறையில் எழுதப்பட்டிருக்கும். பேல் முறையில் மீண்டும் உருவாக்குங்கள்.

*5இ. யாராவது நடந்தால் படம் நடுங்குகிறது*

மினிடிவி என்னும் சிறு நாடா கேமராவில் எடுத்த பழைய கல்யாணப் பதிவுகளில் இது மிகுதி. அந்தக் காலத்துப் படம் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறிமாறி வரும் இரு பாதிகளாகப் பதிவானது. எந்தப் பாதி முதலில் என்பதைத் தவறாகச் சொன்னால், நடக்கிறவர் ஒவ்வோர் அடியிலும் முன்னும் பின்னும் துடிப்பார், அசையாத கோலம் மட்டும் அழகாக இருக்கும். பேல் மினிடிவி பதிவில் கீழ்ப் பாதி முதலில் வரும். மென்பொருளில் 'ஃபீல்ட் ஆர்டர்' என்ற இடத்தில் 'பாட்டம் ஃபர்ஸ்ட்' என்று வையுங்கள். வேறு வகை நாடாவிலிருந்து பிடித்த கோப்பென்றால் ஒரு நிமிடத் துண்டை இரண்டு விதமாகவும் மாற்றி, ஆர்டபிள்யூ வட்டில் எழுதி, தொலைக்காட்சியிலேயே பாருங்கள். கணினித் திரையில் இந்த வேறுபாடு தெரியாது என்பதால் பலர் இதைக் கண்டுபிடிக்க வாரக்கணக்கில் அலைகிறார்கள்.

அறிகுறி 6: தமிழ் வசன வரிகள் உடைந்து தெரிகின்றன

கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துரு இல்லை. லதா அல்லது நிர்மலா யூஐ எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். கோப்பு யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டெழுதியதை முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்வது அதைவிடக் கொடுமை. 'பெண்' என்பதில் ஒற்றைக்கொம்பு பகரத்துக்கு வலப்புறம் நின்றால், அந்த மென்பொருளுக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை என்று பொருள். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. டிவிடியில் வசன வரி எழுத்தாக அன்றி, படமாகவே பதிவாகிறது. எனவே வரையும்போது தவறினால் பிளேயர் அதைத் திருத்தாது. ஹேண்ட்பிரேக்கில் வசன வரிக் கோப்பைச் சேர்த்து 'பர்ன் இன்' என்பதைக் குறித்தால் அது கொம்பை ஒழுங்காக வைத்துப் படத்தோடு படமாகப் பதித்துவிடும். பின்னர் வசன வரியை நிறுத்திவைக்க முடியாது என்பதே அதன் விலை. பழைய குழாய்த் தொலைக்காட்சிகள் ஓரத்தைச் சற்று வெட்டிக் காட்டும் என்பதால் வரிகளை அடிவிளிம்பிலிருந்து கொஞ்சம் மேலே தூக்கி வையுங்கள்.

அறிகுறி 7: முன்பு ஓடிய வட்டு இப்போது எங்கும் ஓடவில்லை, வேறு நகலும் இல்லை

இங்கே சோதனைகளைக் குறைத்துக்கொள்ள வேண்டும். எழுதும் வட்டில் பதிவைத் தாங்குவது ஒரு சாயப்படலம். வெயிலும் சூடும் அதை மங்கச் செய்கின்றன. வேறு இரண்டு கணினிகளின் டிரைவ்களில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் மறுக்கும் வட்டை இன்னொன்று படிப்பது உண்டு. எதிலாவது திறந்தால் படம் பார்க்க உட்காராமல், உடனே இமேஜ்பர்னில் ஐஎஸ்ஓவாகப் படித்துச் சேமியுங்கள். தொடர்ந்து பிழை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் முடிச்சூரில் ஓர் உறவினர் வீட்டு அலமாரி முழுக்க நீரில் மூழ்கியது. டிவிடியின் சாயப்படலம் 0.6 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரண்டு தகடுகளுக்கு இடையில் இருப்பதால், சேற்றைச் சுத்தமான நீரில் கழுவி நிழலில் உலர்த்தியபின் பெரும்பாலான வட்டுகள் படித்தன. விளிம்பில் தகடுகள் பிரிந்து நீர் புகுந்தவை படிக்கவில்லை. சிடிக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. அதில் படலம் மேல்முகப்பு அச்சுக்கு அடியிலேயே இருக்கிறது, உறையோடு ஒட்டிக்கொண்டதை இழுத்தபோது படலமும் சேர்ந்து வந்துவிட்டது.

வட்டில் விரிசல், தகடு பிரிதல், எந்த டிரைவும் கண்டுகொள்ளாமை ஆகிய மூன்றில் ஒன்று இருந்தால் தரவு மீட்புப் பணி செய்பவரிடம் கொடுங்கள். விரிசல் விட்ட வட்டை ஒருபோதும் டிரைவில் போட வேண்டாம். வேகமாகச் சுழலும்போது உள்ளேயே சிதறிவிடும். பற்பசையால் தேய்ப்பது, மெருகேற்றும் கருவியில் கொடுப்பது போன்றவற்றைச் செய்துபார்த்துவிட்டுப் போனால் அவர்களாலும் உதவ முடியாது. அவர்களிடம் கொடுக்குமுன், அந்த நிகழ்ச்சியைப் படமெடுத்த ஸ்டுடியோவை ஒருமுறை விசாரியுங்கள். மினிடிவி நாடாவை அவர்கள் இன்னும் பரணில் வைத்திருக்கலாம், நாடாவிலிருந்து எடுப்பது வட்டிலிருந்து மீட்பதைவிட மலிவாகவே முடியும். யாரிடம் கொடுத்தாலும் மூன்றைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்: பார்த்துச் சொல்வதற்குத் தனிக் கட்டணமா, ஒன்றும் கிடைக்காவிட்டால் எவ்வளவு, கிடைத்ததை வட்டாக அல்லாமல் பென் டிரைவில் கோப்பாகத் தருவார்களா.